நொண்டித் தட்டு

சனிக்கிழமை பிற்பகல், கலாசார மாளிகையின் இரண்டாம் மாடி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையில் இடம் முக்கியம்.

மேஜையின் தலைப்பில் போர்ஃபிரி கோர்தெயெவிச். இசைக்குழுவில் முப்பது வருஷம் பஸூன் ஊதி ஓய்வு பெற்றவர். இசைத்தட்டுக் குழுவுக்குத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் ரொக்னேதா பாவ்லோவ்னா. பல் டாக்டர். தட்டில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் தன் பல்லைத் தொட்ட மாதிரி முகம் சுளிப்பார். ஒலிபெருக்கிக்கு நேரெதிரே தனியாக இழுத்துப் போட்ட நாற்காலியில் அவ்குஸ்தா ரோதியோனோவ்னா. ஐம்பத்தேழு வயது, மெலிந்த உடம்பு. குழுவிலேயே கறாரான காது அவருடையது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்ததால் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. ஜன்னல் ஓரம், சூடேற்றும் குழாயில் முதுகைக் கொடுத்துக்கொண்டு வாஸ்ஸா இக்னாத்யெவ்னா. அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் புலனாய்வாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகும் சந்தேகப்படுவதை விடாதவர். மதிப்பெண் போடுகிற வேலை அவருக்குக் கிடையாது. ஐந்தாவது ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். பச்சைத் திரைக்குப் பின்னால் தட்டுச் சுழற்றுகிற ஃபீமா. ரேடியோ ரிப்பேர்க்காரன், வாஸ்ஸாவின் உதவியாளன். ஆளைத்தான் திரை மறைக்குமே தவிர வாயை மறைக்காது.

திரை எதற்கென்றால், தட்டின் உறையை யாரும் பார்க்கக் கூடாது என்பது குழுவின் சட்டம். காதால் மட்டும் கேட்டு இரண்டு மதிப்பெண் எழுத வேண்டும். வாசிப்புக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. பள்ளிக்கூடக் கணக்குதான், ஐந்து உச்சம், இரண்டு என்றால் தேறவில்லை.

அன்று ஒலித்தது சைகோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி. குளூஷகோவ் நடத்தியது என்று உறையில் அச்சிட்ட புகழ்பெற்ற தட்டு. கடைசிச் சுரம் அடங்கியதும் மூன்று சீட்டுகள் மேஜைக்கு வந்தன. மூன்றிலும் ஐந்து, ஐந்து.

"அப்ப எழுதிடலாமா?" என்றார் போர்ஃபிரி.

எழுத வேண்டிய கடிதம் இதுதான். மாஸ்கோவில் ஒரு பதிப்பகம், பெயர் அழிக்கப்பட்ட இசைக்காரர்களின் தட்டுகளை அவரவர் பெயரோடு திரும்ப வெளியிடப் போகிறது. அவ்குஸ்தாவின் அப்பா ரோதியோன் பெக்லெமீஷெவ் ஒரு இசைக்குழு நடத்துநர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் இதே சிம்பொனியைப் பதிவு செய்தார், நாற்பத்தொன்பதில் கைதானார், கைதிகளின் உழைப்பு முகாமிலிருந்து திரும்பவில்லை. அவர் பெயரில் ஒரு தட்டுகூட உலகத்தில் இல்லை. குளூஷகோவ் தட்டு உண்மையில் தன் அப்பாவுடையது, பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்பது அவ்குஸ்தாவின் வாதம். குழு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அப்பாவின் பெயர் தட்டில் ஏறும். பதிப்பகம் குழுவின் சொல்லை நம்பும். ஆனால் திங்கள்கிழமைக்குள் கடிதம் அங்கே இருக்க வேண்டும்.

"எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அவ்குஸ்தா ரோதியோனோவ்னா," என்றார் வாஸ்ஸா. "இது அப்பாவோடதுன்னு முதல்ல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அம்மா சொன்னாங்க. ஐம்பத்தாறுல. அவங்க படுத்த படுக்கை. ரேடியோவுல இந்த சிம்பொனி போச்சு. நான் சமையலறையிலேர்ந்து கஞ்சி எடுத்துட்டு வர்றதுக்குள்ள முடியப் போகுது. அம்மா சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தவங்க திரும்பி, 'இது ரோதியோன்'ன்னாங்க. அந்த வாரமே போயிட்டாங்க."

"பதிவு நடந்தப்ப அம்மா கூட இருந்தாங்களா?"

"எல்லா நாளும். நான்தான் ஊர்ல இல்ல. காசநோய் விடுதியில கிடந்தேன்."

"ரேடியோவுல அறிவிப்பாளர் என்ன சொன்னார்?"

"ஐந்தாம் சிம்பொனி, சிம்பொனி இசைக்குழு வாசித்ததுன்னார். அவ்வளவுதான்."

"நடத்தினவர் பேரு?"

"சொல்லலை. கைதி பேரைச் சொல்லுவாங்களா?"

"கைதி பேரைச் சொல்ல மாட்டாங்க. குளூஷகோவ் பேரைச் சொல்லுவாங்களே," என்றார் வாஸ்ஸா. "அந்தாளு அப்ப பரிசு மேல பரிசு வாங்கிட்டிருந்தவரு. உறையில அவர் பேரு கொட்டை எழுத்துல இருக்கிற தட்டைப் போட்டுட்டு, பேரைச் சொல்லாம விட்டா அறிவிப்பாளருக்கு வேலை போயிருக்கும்."

திரைக்குப் பின்னாலிருந்து ஃபீமாவின் குரல் வந்தது. "எங்க கடையிலயும் அப்படித்தான். பெரிய அதிகாரி ரேடியோன்னா பேர் எழுதிச் சீட்டு ஒட்டுவோம். மத்தவன் ரேடியோன்னா மூலையில போடுவோம்."

"பேரே இல்லாத ஐந்தாம் சிம்பொனித் தட்டு ஏதாவது வந்திருக்கா?" என்று வாஸ்ஸா கேட்டார்.

ரொக்னேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நொண்டித் தட்டுதான்."

போர்ஃபிரியும் மீசைக்குள் சிரித்தார். புதிதாக ஒருவர் குழுவில் சேர்ந்தால் முதல் நாள் அந்தத் தட்டைத்தான் போடுவார்கள். ஐம்பத்தைந்தில் வந்த நெடுந்தட்டு, ஒரு பக்கமே இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடுகிற ரகம். 'சிம்பொனி இசைக்குழு' என்பதோடு சரி, நடத்தியவர் பெயர் கிடையாது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று காரணமே இல்லாமல் தளர்ந்து, நிற்கிற மாதிரி போய், மறுபடி ஓடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே தளர்ச்சி. எப்படி நடத்தக் கூடாது என்பதற்கு அதுதான் குழுவின் பாடம்.

"அதையெல்லாம் இதோட சேர்க்காதீங்க," என்றார் அவ்குஸ்தா.

"சேர்க்கலை தாயே. அப்பாவோட பதிவுலேர்ந்து வேற ஏதாவது உங்ககிட்ட இருக்கா? எதுவா இருந்தாலும் சரி."

அவ்குஸ்தா கொஞ்சம் தயங்கினார். "மாதிரித் தட்டு ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் மட்டும் பதிவு. ஒண்ணும் எழுதியிருக்காது. அம்மா மெத்தைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தாங்க. சோதனை போட வந்தவன் களைச்சுப் போய் மெத்தையில உட்கார்ந்துட்டான். ரெண்டாப் போச்சு. ஒடைஞ்ச தட்டை யாராலயும் போட முடியாதுன்னுட்டாங்க."

"யார்கிட்ட கேட்டீங்க?" என்றது திரை.

"கடையில."

"நல்ல கடையில கேட்கலை நீங்க."

திரை விலகியது. ஃபீமா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றான். அவ்குஸ்தா வீட்டுச் சாவியை எடுத்து வாஸ்ஸாவின் உள்ளங்கையில் வைத்தார். "அலமாரியில அடித்தட்டு. தலையணை உறைக்குள்ள."

*

கூட்டுக் குடியிருப்பில் அவ்குஸ்தாவின் அறை கடைசி. பொதுச் சமையலறையில் யாரோ முட்டைக்கோஸ் வேகவைக்கிற வாசனை நடைபாதை முழுக்க அப்பியிருந்தது. தலையணை உறை சொன்ன இடத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு டிராம் ஏறினார்கள். வாஸ்ஸா அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

"எழுந்து இடம் குடுக்கிறாங்க பாருங்க," என்றான் ஃபீமா. "குழந்தைக்கு என்ன பேருன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"பேர் இல்லாததுதான் பிரச்சினைன்னு சொல்லு."

ஃபீமாவின் பட்டறை நிலவறையில் இருந்தது. அவன் உடைந்த இரண்டு அரைவட்டங்களையும் மேஜையில் பொருத்திப் பார்த்தான். பதிவு ஒரு பக்கம் மட்டும் என்பதால் பின்பக்கம் காலி. அங்கே பசை தடவி, தடித்த அட்டையை வட்டமாக வெட்டி ஒட்டினான். பழைய கனத்த முள்ளை மாட்டினான். காத்திருக்கிற நேரத்தில் கறுப்பு ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிட்டார்கள்.

"கடைக்காரன் சொன்னது பாதி நிஜம்," என்றான். "போட முடியாது இல்ல, போட்டா முள்ளு போயிடும். ஒரு முள்ளு செத்தாலும் பரவாயில்லைன்னு அவன் நினைக்கலை."

தட்டு சுழன்றது. சுற்றுக்கு இரண்டு தடவை டக், டக் என்று முள் உடைவின் மேல் ஏறி இறங்கியது. ஆனால் அந்த இரண்டு டக்குக்கும் நடுவே, இரைச்சலுக்கு உள்ளே, இரண்டாம் பகுதியின் கொம்பு வாத்தியம் தனியாகப் பாடத் தொடங்கியது. வாஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டார்.

கொம்பு பாடியது, பிறகு தந்தி வாத்தியங்கள் சேர்ந்தன. மேலே ஏறிக்கொண்டிருந்த இசை, எந்தக் காரணமும் இல்லாமல், வீடு வந்து செருப்பைக் கழற்றுகிறவனைப் போலத் தளர்ந்தது. ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. தட்டு முடிந்துவிட்டது.

"என்ன இது?" என்றான் ஃபீமா. "பாதிப் பாலத்துல டிராமை நிறுத்திட்டு இறங்கிப் போயிட்டாரு."

வாஸ்ஸா ரொட்டித் துண்டை இசைத்தட்டின் மேலேயே வைத்துவிட்டு, எடுத்து, மறுபடி வாய்வரை கொண்டுபோய், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "ஃபீமா. இந்தக் காலத்துத் தட்டுல ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் கொள்ளும்?"

"நாலு நிமிஷம். இழுத்தா நாலரை."

"முழு சிம்பொனியை எப்படிப் பதிவு பண்ணுவாங்க?"

"நாலு நாலு நிமிஷமா நறுக்கி. வாசிப்பாங்க, நிறுத்துவாங்க, அடுத்த மெழுகுத் தட்டு, மறுபடி..." ஃபீமா நிறுத்தினான். "நிறுத்தறதுக்கு முன்னாடி அழகா முடியணும்ல. அதனால கொஞ்சம் தளர்த்துவாங்க."

"அப்புறம் ஏழு வருஷம் கழிச்சு அந்தத் துண்டுகளை ஒரே நெடுந்தட்டா ஒட்டினா?"

ஃபீமா எழுந்து அலமாரியிலிருந்து நொண்டித் தட்டை எடுத்துவந்தான். குழு அவனிடம்தான் அதைக் கொடுத்து வைத்திருந்தது. இரண்டாம் பகுதியில் முள்ளை இறக்கினான். கொம்பு, தந்தி வாத்தியங்கள், ஏற்றம், தளர்ச்சி. தளர்ச்சியின் அடியில் நாற்காலி கிறீச்சிட்டது. அதே நாற்காலி, அதே இடத்தில். மறு நொடியே இசை ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடத் தொடங்கியது.

மாளிகையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த குளூஷகோவ் தட்டையும் போட்டுப் பார்த்தார்கள். தளர்ச்சி இல்லை, நாற்காலி இல்லை. முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சு. காந்த நாடா வந்த பிறகு எடுத்தது. பெக்லெமீஷெவ் அப்போது முகாமில் இருந்திருப்பார்.

ஃபீமா முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"உங்களுக்கு வயசாயிடுச்சு, மறந்துடுவீங்க. எனக்கு எப்பவுமே ஞாபகம் கம்மி." அவன் குரலில் சிரிப்பு இல்லை. "குளூஷகோவுக்குப் பிள்ளை இல்ல குட்டி இல்ல. செத்துப் பத்து வருஷமாச்சு. யாரு வந்து சட்டையைப் பிடிக்கப் போறா? அந்தம்மாவுக்கு உலகத்துல இருக்கறது இது ஒண்ணுதான், வாஸ்ஸா இக்னாத்யெவ்னா."

"ஒருத்தன் பேரை அழிச்சாங்கன்னுதானே இந்த வேலையே. இன்னொருத்தன் பேரை அழிச்சா இது சரியாயிடுமா?"

"நியாயத்தைக் கண்டுபிடிச்சவன் எந்தப் பொம்பளை அழுதும் பார்த்திருக்க மாட்டான் போல."

"கோட்டைப் போடு," என்றார் வாஸ்ஸா.

*

அவர்கள் திரும்பியபோது தேநீர் ஆறியிருந்தது. மூவரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள். வாஸ்ஸா ஒன்றையும் மறைக்கவில்லை, சுற்றி வளைக்கவுமில்லை. ஃபீமா ஒட்டிய தட்டைப் போட்டான், அடுத்து நொண்டித் தட்டைப் போட்டான். நாற்காலி இரண்டு தடவை கிறீச்சிட்டதும் போர்ஃபிரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சிவப்பு விளக்கு," என்றார். "மெழுகு முடியப் போகுதுன்னா சுவத்துல சிவப்பு விளக்கு எரியும். நடத்தறவர் அதைப் பார்த்துத் தளர்த்துவார். நானே அப்படி எத்தனையோ பதிவுல ஊதியிருக்கேன். உறையில ஐம்பத்தஞ்சுன்னு போட்டிருந்துதே. ஐம்பத்தஞ்சுல எவன் மெழுகுல பதிவு பண்ணுவான்? அதனால யோசிக்கவே இல்ல. நாடாவுல ஒரே மூச்சா எடுத்ததுன்னு நினைச்சு..."

ரொக்னேதா அவ்குஸ்தாவைப் பார்க்காமல் சொன்னார்: "சேர்றவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி சிரிச்சோம்."

"நானும்தான் சிரிச்சேன்," என்றார் அவ்குஸ்தா.

குளூஷகோவ் தட்டின் உறையை எடுத்து, கண்ணாடியைத் தூக்கி அதில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, மேஜையின் மறுகோடிக்குத் தள்ளினார். முப்பத்திரண்டு வருஷத்து வழக்கு அந்த ஒரு தள்ளலில் முடிந்தது.

முதலில் நிமிர்ந்தவர் போர்ஃபிரிதான். "ஆனா இதைக் கேளுங்க. நொண்டினது அவர் இல்ல, மெழுகு. அப்ப நாம போட்ட மதிப்பெண் செல்லாது. அவரோட தட்டு கையில இருக்கு, அவரோடதுதான்னு நாற்காலியே சாட்சி சொல்லுது. தளர்ச்சியைக் கணக்குல எடுக்காம மறுபடி கேட்போம். நாலு வந்தா பதிப்பகம் எடுத்துக்கும். நாலுக்குக் கீழதான் எடுக்க மாட்டாங்க."

அவ்குஸ்தாவின் கன்னத்தில் லேசாக நிறம் ஏறியது. வாஸ்ஸா அதைப் பார்த்தார். பார்த்தவுடன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரை மூடப்பட்டது. இந்தத் தடவை என்ன தட்டு என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் போர்ஃபிரி மூடச் சொன்னார். முழு சிம்பொனியையும் கேட்டார்கள். நடுவில் யாரும் இருமவில்லை. தளர்ச்சி வருகிற ஒவ்வொரு இடத்திலும் ரொக்னேதா விரலால் மேஜையை மெல்லத் தட்டினார், இது கணக்கில் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

முடிந்தது. சீட்டுகள் வந்தன. போர்ஃபிரி ஒவ்வொன்றாகப் பிரித்தார். தன்னுடையது: வாசிப்பு மூன்று. ரொக்னேதாவுடையது: மூன்று. அடுத்ததைப் பிரித்தவர் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை.

"படிங்க," என்றார் அவ்குஸ்தா.

"இரண்டு."

ஃபீமா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். "அம்மா, பென்சில் தவறியிருக்கும். நான் வேணா திருத்தித் தரேன். ரெண்டை அஞ்சா மாத்தறது எனக்கு ரெண்டு நிமிஷ வேலை. பள்ளிக்கூடத்துல அதுல நான்தான் முதல்."

"கேட்டதைத்தான் எழுதினேன்." அவ்குஸ்தா கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "தளர்ச்சியை விட்டுட்டுத்தான் கேட்டேன். கொம்பு தனியாப் பாடுது, அவன் மூச்சு விடறதுக்கு இவர் காத்திருக்கலை. தந்தி வாத்தியம் முன்னாடி ஓடுது, இழுத்துப் பிடிக்கலை. கடைசிப் பகுதியில எல்லாரையும் கத்தவிட்டு நிக்கறாரு. பயந்துட்டாரோ, பசியோ, எனக்குத் தெரியாது. மூணு கூட அவருக்காக இல்ல, எனக்காகப் போட்டிருக்கீங்க."

போர்ஃபிரி மீசையைத் தடவிக்கொண்டு தலையசைத்தார்.

"உங்க அம்மா அது அவர்னு சொன்னது பெருமையால இல்ல போலிருக்கு," என்றார் ரொக்னேதா மெல்ல.

"அம்மா என்ன குரல்ல சொன்னாங்கன்னு இன்னிக்குத்தான் ஞாபகம் வருது."

வெளியே டிராம் திரும்புகிற சத்தம் கேட்டது. அவ்குஸ்தா நாற்காலியை மேஜைக்கு இழுத்துப்போட்டார்.

"கடிதத்தை எழுதுங்க, போர்ஃபிரி கோர்தெயெவிச். ஆறு மணித் தபால் போயிடும்."

அவர் சொல்லச் சொல்ல போர்ஃபிரி எழுதினார். குளூஷகோவ் பெயரில் உள்ள தட்டு குளூஷகோவ் நடத்தியதே. எங்கள் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறோம். அதோடு முடித்துக் கையெழுத்துப் போடப் போனவரை அவ்குஸ்தா தடுத்தார்.

"இன்னொரு பத்தி. ஐம்பத்தைந்தில் பெயரின்றி வெளிவந்த தட்டு, நடத்தியவர் ரோதியோன் பெக்லெமீஷெவ். வாசிப்பு: மூன்று, மூன்று, இரண்டு. வெளியிடப் பரிந்துரைக்க இயலவில்லை."

போர்ஃபிரி பேனாவை உயர்த்தினார். "இது எதுக்கும்மா? அவங்க கேட்கலையே. அந்தத் தட்டோட அச்சையெல்லாம் எப்பவோ உருக்கிட்டாங்க. இதை ஒரு குமாஸ்தா படிப்பான், கோப்புல போடுவான். அதோட சரி."

"தெரியும்."

"அப்புறம்?"

"அவர் பேரைச் சொல்லி யாருமே மதிப்பெண் போட்டதில்ல. குத்தம்னு எழுதினாங்க, தண்டனைன்னு எழுதினாங்க, குத்தமே இல்லைன்னு எழுதினாங்க. ஒரு தடவையாவது அவர் செஞ்ச வேலையைப் பத்தி எழுதட்டும்."

போர்ஃபிரி எழுதினார். மூவரும் கையெழுத்திட்டார்கள். அவ்குஸ்தா தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார்.

"என்கிட்ட குடுங்க, நான் ஓடிப் போட்டுட்டு வரேன்," என்றான் ஃபீமா. அதற்கு மேல் ஒரு வேடிக்கையும் அவனுக்கு அகப்படவில்லை.

"வேணாம்பா."

உறையின் பசை காய்ந்து போயிருந்தது. அவ்குஸ்தா அதை நாக்கில் ஈரப்படுத்தி, மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தினார். ஒரு முனை எழும்பியது, மறுபடி அழுத்தினார். கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு தனியாகவே படியிறங்கினார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாஸ்ஸாவுக்கு, தெருமுனை நீலத் தபால் பெட்டியின் மூடியை அவர் ஒரு கையால் தூக்கிப் பிடிப்பதும், உறையை உள்ளே விடுவதும், மூடி விழுவதும் தெரிந்தன.